ஒராபி பாஷா: கடிதங்களால் நிற்காத போரும் நட்பினால் எழுந்த கலாசாலையும்

அக்கரைப்பற்றிலும் சம்மாந்துறையிலும் கல்முனையிலும் பழைய வீடுகளின் சுவர்களை அலங்கரிக்கும் நிழற்படங்களில், குஞ்சம் தொங்கும் துருக்கித் தொப்பியுடன் வீற்றிருக்கும் பெரியார்கள் சிலரையேனும் நாம் கண்டிருப்போம். முப்பாட்டன் காலத்திலிருந்தே நம்மவர் அணிந்துவந்த தொப்பி அது என்று இளந்தலைமுறையினர் எண்ணக்கூடும். உண்மை அவ்வாறன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தீவுக்கு நாடு கடத்தப்பட்டு வந்த எகிப்தியத் தலைவர்கள் எழுவரைக் கண்ட பின்னரே அத்தொப்பி இலங்கை முஸ்லிம்களிடையே பெருவழக்காயிற்று. கல்முனையிலும் நாட்டின் ஏனைய ஊர்களிலும் கல்லூரிகள் தாங்கி நிற்கும் ஸாஹிறா என்னும் பெயரும் அக்காலத்தில் கொழும்பு மருதானையில் எழுந்த ஒரு சிறு பாடசாலையிலிருந்து வந்ததேயாகும். தொப்பிக்கும் பெயருக்கும் பின்னால் நிற்பவர் அஹ்மத் ஒராபி பாஷா. நம் முன்னோர் அவரை அறபி பாஷா என்றே அழைத்தனர்.

இவரைப் பற்றி நம்மிடையே வழங்கும் செய்தி மிகச் சுருக்கமானது. ஆங்கிலேயரை எதிர்த்தார், நாடு கடத்தப்பட்டார், ஸாஹிறாவைத் தோற்றுவித்தார் என்பதோடு அது முடிந்துவிடுகின்றது. முதலிரண்டும் உண்மை. மூன்றாவது பாதி உண்மை மட்டுமே. மீதிப் பாதி, தமிழில் எழுதிய கண்டிச் சட்டத்தரணி ஒருவருக்கு உரியது. ஒராபியின் வாழ்வில் இரு நட்புகள் முக்கியமானவை. ஒன்று ஆங்கிலேயர் ஒருவருடன் அமைந்தது. கடிதங்களாலும் தூதுகளாலும் போரைத் தவிர்க்க முயன்று தோற்றது. மற்றையது மேற்படி கண்டிச் சட்டத்தரணியுடன் அமைந்தது. ஒரு சமூகத்தைக் கல்வியின் பக்கம் திருப்பியது. இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து அன்னாரின் வரலாற்றை இங்கு நோக்க விரும்புகின்றோம்.

நைல் நாட்டின் கிராமத்துப் பிள்ளை

1841ஆம் ஆண்டு, எகிப்தின் ஷர்கிய்யா மாகாணத்தில் ஸகாஸீக் நகருக்கு அண்மையிலுள்ள ஹிர்ரிய்யத் ரஸ்னா என்னும் சிற்றூரில் ஒராபி பிறந்தார். தந்தையார் அவ்வூரின் ஷெய்க். அவர் கொள்ளை நோய்க்குப் பலியானபோது ஒராபி சிறு பாலகன். கிராமத்தில் குர்ஆனை ஓதி முடித்த சிறுவன் கெய்ரோ சென்று அல்-அஸ்ஹரில் சில காலம் பயின்றான். அந்நாளில் எகிப்தை ஆண்ட ஸஈத் பாஷா, ஊர்த் தலைவர்களின் பிள்ளைகளையும் படையில் சேர்த்து அதிகாரிகளாக உயர்த்தும் வழியைத் திறந்துவிட்டிருந்தார். அவ்வழியே படையிற் சேர்ந்த ஒராபி, இருபது வயதளவிலேயே லெப்டினன்ட் கேணல் தரத்தை எட்டினார். மண்ணைக் கிண்டிப் பிழைக்கும் பல்லாஹீன்கள் எனப்படும் உழவர் குலத்திலிருந்து ஒருவர் அவ்வுயரத்தை அடைவது அதுவரை நினைத்தும் பார்க்க முடியாததாயிருந்தது.

அடுத்து வந்த கெதீவ் இஸ்மாயீலின் காலத்தில் நிலைமை தலைகீழாயிற்று. படையின் உயர் பதவிகள் துருக்கி, சர்க்கேசிய வம்சத்தினருக்கே வழங்கப்பட்டன. மண்ணின் மைந்தர்கள் கீழ்நிலையிலேயே தேங்கினர். மறுபுறம், கெதீவ் ஐரோப்பிய வங்கிகளில் வாங்கிக் குவித்த கடன் 10 கோடிப் பவுணை நெருங்கிக்கொண்டிருந்தது. சுயெஸ் கால்வாயில் எகிப்துக்கிருந்த பங்குகள் 1875இல் சுமார் 40 இலட்சம் பவுணுக்கு பிரித்தானியாவுக்கு விற்கப்பட்டன. மறு வருடமே நாட்டின் வருமானத்தைக் கண்காணிக்கும் பொறுப்பு வெளிநாட்டவர் கைக்குப் போயிற்று. உழவனின் வரி ஏறியது. படைவீரனின் சம்பளம் நின்றது. 1879இல் வல்லரசுகளின் நெருக்குதலால் இஸ்மாயீல் பதவி நீக்கப்பட்டு அவரது மகன் தவ்பீக் கெதீவாக்கப்பட்டார். கடன்பட்ட நாடு எவ்வாறு படிப்படியாகத் தன் சொற்படி நடக்கும் உரிமையை இழக்கும் என்பதற்கு எகிப்தைவிடத் தெளிவான உதாரணம் வேறில்லை.

1881 பெப்ரவரியில், சர்க்கேசிய அதிகாரிகளின் பாரபட்சத்தை எதிர்த்து மனுக் கொடுத்த ஒராபியும் அவரது தோழர்கள் இருவரும் கைது செய்யப்பட்டனர். அவர்களது சிப்பாய்களே வந்து அவர்களை மீட்டனர். அவ்வாண்டு செப்டெம்பர் 9ஆம் திகதி ஒராபி தம் படையணிகளுடன் ஆப்தீன் அரண்மனை முன்றலில் நின்று, மக்கள் பிரதிநிதிகள் சபை வேண்டும், அமைச்சரவை மாற வேண்டும், படை பலப்படுத்தப்பட வேண்டும் என்ற கோரிக்கைகளை கெதீவ் முன் வைத்தார். கெதீவ் இணங்கினார். எகிப்து எகிப்தியருக்கே என்ற எண்ணம் தெருவெங்கும் பரவியது. முஸ்லிம்களும் கொப்திக் கிறிஸ்தவர்களும் அதில் இணைந்து நின்றமை இங்கு குறிப்பிடத்தக்கது.

ஆங்கில நண்பரும் அனுப்பிய கடிதங்களும்

இக்காலத்திலேயே வில்பிரட் பிளண்ட் என்னும் ஆங்கிலேயர் கெய்ரோ வந்து சேர்ந்தார். முன்னாள் இராஜதந்திரி, கவிஞர், அறபுக் குதிரைகளில் தீராத மோகம் கொண்ட நிலக்கிழார். அவரது மனைவி அறபு மொழி கற்றவர். பைரன் என்ற பெருங்கவிஞரின் பேத்தி. 1881 டிசம்பரில் ஒராபியைச் சந்தித்த பிளண்ட், இவர் பதவி வெறி பிடித்த படையதிகாரி அல்லர், நேர்மையான உழவர் மகன் என்ற முடிவுக்கு வந்தார். அச்சந்திப்பில் தொடங்கிய நட்பு இருவரது வாழ்வையும் மாற்றியது.

தேசியக் கட்சியினரின் கோரிக்கைகள் கெய்ரோவில் ஒழுங்காக எழுதப்பட்டன. கெதீவின் பதவியை ஏற்றுக்கொள்வது, நாட்டின் கடனை மதிப்பது, சட்டத்தின்படி ஆளும் ஆட்சியை வேண்டுவது, மத பேதமின்றி எல்லோரையும் கட்சியில் சேர்ப்பது ஆகியன அதன் சாரம். பிளண்ட் அதனை இங்கிலாந்தின் பிரதமர் கிளாட்ஸ்டனுக்கு அனுப்பிவைத்தார். அடக்கப்பட்ட மக்களுக்காகக் குரல் கொடுப்பவரெனப் பெயர் பெற்ற கிளாட்ஸ்டனிடமிருந்து பண்பான பதிலும் கிடைத்தது. கெய்ரோவிலிருந்த பிரித்தானியப் பிரதிநிதி மலேட் கூட, தேசியத் தலைவர்களுடன் பேசுவதற்குச் சில காலம் பிளண்டையே இடைத்தரகராகப் பயன்படுத்தினார்.

ஆனால் 1882 ஜனவரியில் பிரித்தானியாவும் பிரான்ஸும் கூட்டாக ஓர் அறிவித்தலை விடுத்தன. கெதீவைத் தாங்கள் காப்போம் என்பதாக அது அமைந்திருந்தது. பிரதிநிதிகள் சபைக்கு எதிரான மிரட்டலாகவே எகிப்தியர் அதனைக் கொண்டனர். அறிவித்தலின் கடுமையைத் தணித்து விளக்கி வருமாறு மலேட் தம் நண்பரை ஒராபியிடம் அனுப்பினார். ஒராபி அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. தம்மைச் சிறு பிள்ளைகளென்று மலேட் கருதிவிட்டாரா என வினவினார். தூது போன பிளண்டுக்கும், தாம் சொல்லப் போன சமாதானத்தில் தமக்கே நம்பிக்கையில்லாதிருந்தது.

பெப்ரவரியில் கவிஞரும் படைத் தலைவருமான மஹ்மூத் ஸாமி அல்-பாரூதி பிரதமரானார். ஒராபி போர் அமைச்சரானார். இங்கிலாந்து திரும்பிய பிளண்ட், அமைச்சர்களையும் பத்திரிகை ஆசிரியர்களையும் தேடிச் சென்று வாதாடினார். ஜூன் மாதம் ஸாபூன்ஜி என்னும் அறபு அறிஞரைத் தம் முகவராக எகிப்துக்கு அனுப்பி, கடிதங்களாலும் தந்திகளாலும் ஒராபியுடன் தொடர்பைப் பேணினார். ஜூலைத் தொடக்கத்தில் ஒராபி கிளாட்ஸ்டனுக்கு எழுதிய கடிதமும் பிளண்டின் வழியாகவே சென்றது. எகிப்து சமாதானத்தையே நாடுகின்றது, தாக்கப்பட்டால் எதிர்த்து நிற்கும் என்பதே அதன் பொருள். கடிதத்தால் பயன் விளையவில்லை. ஜூலை 11ஆம் திகதி பிரித்தானியக் கடற்படை அலெக்சாந்திரியா நகரின் மீது குண்டுகளைப் பொழிந்தது.

ஒராபியின் தோல்விக்கும் ஒருவகையில் கடிதங்களின் மீதான நம்பிக்கையே காரணமாயிற்று. சுயெஸ் கால்வாயை மறித்துவிட்டால் எதிரிப்படை கிழக்கு வழியாக நுழைய முடியாது என்பதை அவர் அறிந்திருந்தார். ஆயினும் கால்வாயை அமைத்த பிரெஞ்சுக்காரரான டி லெஸெப்ஸ், கால்வாய் நடுநிலையானது, அதனூடாக எவரும் படை கொண்டு வரார் என்று தந்தியடித்து உறுதி கூறிக்கொண்டிருந்தார். அவ்வுறுதியை நம்பி ஒராபி காலம் தாழ்த்தினார். ஆகஸ்டில் பிரித்தானியப் படை அதே கால்வாய் வழியாக இஸ்மாயிலியாவில் இறங்கியது. செப்டெம்பர் 13ஆம் திகதி அதிகாலையில் தல்-அல்-கபீர் என்னுமிடத்தில் நடந்த போர் ஒரு மணித்தியாலம் கூட நீடிக்கவில்லை. ஒராபி கெய்ரோவில் சரணடைந்தார்.

இராஜதந்திரக் கடிதங்களின் வரலாற்றில் இது கசப்பானதோர் அத்தியாயம். எழுதியவர்களிடம் நேர்மை இருந்தது. படித்தவர்களின் மேசையிலோ கடன் பத்திரங்களும் கால்வாய்ப் பங்குகளும் இருந்தன. இருப்பினும் நட்பு முற்றாகப் பயனற்றுப் போய்விடவில்லை. கெதீவின் விருப்பப்படி விசாரணை நடந்திருப்பின் ஒராபி தூக்கு மேடையைத் தவிர்த்திருக்க முடியாது. பிளண்ட் தம் சொந்தப் பணத்தைக் கொட்டி, பிரோட்லி, நேப்பியர் என்ற இரு ஆங்கில வழக்கறிஞர்களைக் கெய்ரோவுக்கு அனுப்பினார். அவர்களது முயற்சியால் ஓர் இணக்கம் எட்டப்பட்டது. டிசம்பர் 3ஆம் திகதி கிளர்ச்சிக் குற்றத்தை ஒராபி ஒப்புக்கொண்டார். மரண தண்டனை வாசிக்கப்பட்டு அக்கணமே ஆயுட்கால நாடு கடத்தலாக மாற்றப்பட்டது. போரைத் தடுக்க முடியாத நட்பு உயிரைக் காத்தது.

ஸரந்தீபில் எழுவர்

நாடு கடத்தும் இடமாக இலங்கை தெரிவு செய்யப்பட்டது. ஆதிபிதா ஆதம் அலைஹிஸ்ஸலாம் சுவர்க்கத்திலிருந்து இறங்கிய மண்ணென அறபு மக்கள் போற்றும் ஸரந்தீப் இதுவே. ஒராபி, அல்-பாரூதி, அப்துல் ஆல் ஹில்மி, அலி பஹ்மி, மஹ்மூத் பஹ்மி, யஃகூப் ஸாமி, துல்பா இஸ்மத் ஆகிய எழுவரும் குடும்பத்தினரும் பணியாட்களும் மரியோட்டிஸ் என்னும் கப்பலில் 1883 ஜனவரி 10ஆம் திகதி கொழும்பை வந்தடைந்தனர். பட்டங்களும் சொத்துக்களும் பறிக்கப்பட்டு வந்த அவர்களைக் காணத் துறைமுகத்தில் முஸ்லிம்கள் பெருந்திரளாகக் கூடினர்.

அக்கூட்டத்தின் மனநிலையை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் நசுக்கப்பட்டிருந்த சமூகம் அது. ஆங்கிலேயர் ஆட்சியில் வணிகம் சற்றுத் தலை தூக்கியிருந்தது, கல்வி தூக்கவில்லை. பாடசாலைகளிற் பெரும்பாலானவை மிஷனரிமார் கையிலிருந்தன. அங்கு பிள்ளையை அனுப்பினால் மார்க்கத்தை இழந்துவிடும் என்ற அச்சம் ஆழ வேரூன்றியிருந்தது. அந்த அச்சத்தை நாம் இன்று எளிதில் குறை கூறிவிடலாகாது. அதற்குக் காரணங்கள் இருந்தன. ஆனால் விளைவு கொடியதாயிருந்தது. தமிழரும் சிங்களவரும் ஆங்கிலம் கற்று அரச அலுவலகங்களிலும் நீதிமன்றங்களிலும் இடம் பிடித்துக்கொண்டிருக்க, முஸ்லிம்கள் தங்கள் உறுதியையும் மனுவையும் எழுத இன்னொருவரை நாடி நின்றனர்.

கண்டிச் சட்டத்தரணி

இந்நிலை கண்டு வருந்தியவர் முஹம்மது காஸிம் சித்தி லெப்பை. 1838 ஜூன் 11ஆம் திகதி கண்டியில் பிறந்தவர். இலங்கையின் முதல் முஸ்லிம் புரொக்டராகப் பணியாற்றியவரின் மைந்தர். தாமும் சட்டம் பயின்று கண்டி நீதிமன்றங்களில் புகழ் பெற்றவர். அறபும் தமிழும் ஆங்கிலமும் கைவரப் பெற்றவர். பொருள் ஈட்டித் தரும் தொழிலைப் பின்தள்ளிவிட்டு 1882 டிசம்பரில் முஸ்லிம் நேசன் என்னும் தமிழ் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். அது வெளிவரத் தொடங்கிய நாட்களில்தான் எகிப்தியர் எழுவரும் கப்பலேறினர்.

பத்திரிகையாளருக்கும் நாடு கடத்தப்பட்டவருக்கும் இடையே நட்பு மலர அதிக நாள் எடுக்கவில்லை. எகிப்தின் நிகழ்வுகளை முஸ்லிம் நேசன் இலங்கைத் தமிழ் வாசகர்களுக்கு எடுத்துச் சென்றது. 1885இல் சித்தி லெப்பை வெளியிட்ட அசன்பே சரித்திரம் என்னும் நாவலின் நாயகனும் எகிப்தில் பிறந்தவனே. இலங்கையின் முதல் தமிழ் நாவலென ஆய்வாளர்கள் போற்றும் நூல் அது. இலங்கைத் தமிழ் நாவல் வரலாற்றின் முதற் பக்கத்தில் ஒரு முஸ்லிமின் பெயர் நிற்பதும், அக்கதையின் களத்தில் நைல் நதி பாய்வதும் இந்தக் காலத்தின் கொடைகளாகும்.

ஆனால் நட்பின் உண்மையான பயன் வேறிடத்தில் இருந்தது. ஆங்கிலக் கல்வி வேண்டும் என்று சித்தி லெப்பை எழுதியபோது, இவர் நம் பிள்ளைகளை வெள்ளைக்காரனிடம் ஒப்புக்கொடுக்கப் பார்க்கின்றார் என்று கூறுவோர் இருந்தனர். உள்ளூர்ச் சீர்திருத்தவாதி எவருக்கும் எக்காலத்திலும் நேரும் சோதனை இது. அதே வார்த்தையை ஒராபி சொன்னபோது அக்குற்றச்சாட்டு எடுபடவில்லை. ஆங்கிலேயரோடு போரிட்டு, பதவியும் நாடும் இழந்து, அவர்களாலேயே கடல் கடத்தப்பட்ட மனிதர் அவர், அல்-அஸ்ஹரில் ஓதியவர், ஐவேளைத் தொழுகையில் வழுவாதவர். அவரே வந்து, பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் கணிதமும் கற்றுக் கொடுங்கள், கல்வியின்மையே எங்கள் நாட்டையும் வீழ்த்தியது என்ற கருத்தில் பேசும்போது, அவரை ஆங்கிலேயரின் கையாள் என்று யாரால் கூற முடியும்? சித்தி லெப்பையிடம் திட்டமும் உழைப்பும் பேனாவும் இருந்தன. ஒராபி கொண்டுவந்தது ஐயத்துக்கு அப்பாற்பட்ட சாட்சியம். இரண்டும் சேர்ந்தபோதுதான் கதவு திறந்தது.

அக்கதவும் ஒரே தள்ளலில் திறந்துவிடவில்லை. 1884இல் கொழும்புப் புதிய சோனகத் தெருவில் தொடங்கப்பட்ட முதலாவது பாடசாலை போதிய ஆதரவின்றிச் சில காலத்தில் மூடப்பட்டது. தோல்வியை வாழ்விற் கண்டு பழகிய இருவரும் மனந் தளரவில்லை. கொழும்பு நூதனசாலைக் கட்டடத்தை எழுப்பிய வாப்பிச்சி மரைக்கார் அவர்களின் கைப்பொருளும் கட்டடக் கலையும் துணை சேர்ந்தன. 1892 ஆகஸ்ட் 22ஆம் திகதி மருதானைப் பள்ளிவாசல் வளவில் அல்-மத்ரஸதுஸ் ஸாஹிறா தொடங்கப்பட்டது. ஒராபி அதன் போஷகர். ஸாஹிறாவை ஒராபி தோற்றுவித்தார் என்பதைவிட, சித்தி லெப்பை கருக்கொண்டு வாப்பிச்சி மரைக்கார் கட்டியெழுப்பிய கலாசாலைக்கு ஒராபி கண்ணியமும் காவலும் தந்தார் என்பதே பொருந்தும். இவ்வாறு கூறுவதால் ஒராபியின் புகழ் குறையாது. மற்றையோரின் கடன் தீரும்.

சித்தி லெப்பை ஆண் பிள்ளைகளோடு நின்றுவிடவுமில்லை. கண்டியில் தம் சகோதரியின் துணையோடு பெண் பிள்ளைகளுக்கும் பாடசாலை நடத்தினார். நம் பகுதியில் பெண் கல்விக்காக அரை நூற்றாண்டுக்குப் பின்னரும் வாதாட வேண்டியிருந்ததை நினைத்துப் பார்த்தால், அவர் எவ்வளவு தொலைவு முன்னே நடந்தார் என்பது புலனாகும்.

கண்டி வாசமும் மன்னிப்பும்

கொழும்பின் ஈரக் காற்று எகிப்தியரின் உடலுக்கு ஒவ்வவில்லை. 1891இல் அப்துல் ஆல் கொழும்பிலேயே காலமானார். மறு வருடம் ஒராபி கண்டிக்குக் குடிபெயர்ந்தார். ஹலோலுவ வீதியில் அவர் வாழ்ந்த வீடு 1983இல், அன்னார் இலங்கை வந்த நூற்றாண்டில், ஒராபி பாஷா கலாசார நிலையமாக்கப்பட்டது. கண்டியில் இருந்தபோதே மஹ்மூத் பஹ்மியும் பின்னர் யஃகூப் ஸாமியும் மறைந்தனர். அல்-பாரூதி ஸரந்தீபின் தனிமையைப் பாடிப் பாடியே பார்வையை இழந்தார். 1899இல் நாடு திரும்ப அனுமதி பெற்றார். எழுவருக்குள்ளும் மனக்கசப்புகள் தோன்றின. தோல்விக்கு யார் பொறுப்பென்ற கேள்வி ஒரே தீவில் அடைபட்ட மனிதரை எவ்வளவு வாட்டும் என்பதை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1898 பெப்ரவரி 5ஆம் திகதி சித்தி லெப்பையும் உயிர் நீத்தார். ஒராபியின் இலங்கை வாழ்வில் அதன் பின் எஞ்சியது காத்திருப்பு மட்டுமே.

இவ்விடத்தில் ஒராபியின் வாழ்வின் கடினமான பக்கத்தையும் மறைக்காது சொல்ல வேண்டும். அவர் மன்னிப்புக் கோரி மீண்டும் மீண்டும் விண்ணப்பங்கள் எழுதினார். கிளாட்ஸ்டனுக்குத் தலைநிமிர்ந்து எழுதிய அதே கை, தாய்நாட்டு மண்ணில் இறக்க அனுமதி வேண்டியும் எழுதியது. 1901இல் இலங்கை வந்த இளவரசர், அதாவது பிற்காலத்து ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர், கண்டியில் அவரைச் சந்தித்தார். அவ்வாண்டு மே மாதம் கெதீவ் மன்னிப்பு வழங்கினார். செப்டெம்பரில், பதினெட்டு ஆண்டுகளுக்கும் மேலான வாசத்தின் பின், ஒராபி கப்பலேறினார்.

தாயகம் அவரை வரவேற்கவில்லை. பிரித்தானியரைப் பற்றி அவர் இணக்கமாகக் கூறிய வார்த்தைகள் முஸ்தபா காமில் போன்ற இளம் தேசியவாதிகளைச் சினங்கொள்ள வைத்தன. நாட்டை அந்நியர் கைப்பற்ற வழி செய்தவர் இவரே என்று அவர்கள் தூற்றினர். பெருங்கவிஞர் அஹ்மத் ஷவ்கியும் அவரை எள்ளிப் பாடினார். ஆங்கில நண்பர் பிளண்ட் மட்டும் அவரை விட்டுவிடவில்லை. 1903இல் ஒராபியின் வாய்மொழியாக அவரது வரலாற்றைக் கேட்டுப் பதிந்தார். 1907இல் எகிப்து ஆக்கிரமிக்கப்பட்டதன் இரகசிய வரலாற்றைத் தம் நாட்டு அரசுக்கே எதிரான சாட்சியமாக வெளியிட்டார். அக்கால் நூற்றாண்டுக் கடிதங்களும் தந்திகளும் குறிப்புகளும் அந்நூலில் இடம்பெற்று, போரைத் தடுக்க முடியாதவை உண்மையைக் காக்க உதவின. 1911 செப்டெம்பர் 21ஆம் திகதி கெய்ரோவில் ஒராபி காலமானார். 1952இல் உழவர் குலத்துப் படையதிகாரிகள் எகிப்தில் மன்னரை அகற்றிய பின்னரே, அந்நாடு அவரைத் தன் முன்னோடியாக மீண்டும் ஏற்றுக்கொண்டது.

அவர் அடிபணிந்துவிட்டாரா? கெய்ரோவின் இளைஞர்கள் அப்படித்தான் கருதினர். அவர்களது கோபத்தில் நியாயமில்லை என்று நாம் கூற மாட்டோம். ஆனால் கெய்ரோவில் இருந்தோர் காணாத ஒன்றை இங்கிருந்த நாம் கண்டோம். வாளால் வெல்ல முடியாதென அறிந்த பின்னும் அம்மனிதர் முடங்கிவிடவில்லை. தம் சொந்த மக்கள் அல்லாத, தம் மொழியைப் பேசாத ஒரு சிறு சமூகத்தின் பிள்ளைகளுக்காகத் தம் எஞ்சிய பெருமையைச் செலவிட்டார். எகிப்து அவரைத் தோல்வியால் அளந்தது. இலங்கை அவரை நட்பால் அளந்தது. இரு அளவைகளையும் சேர்த்துப் பார்ப்பதே நீதி.

கிழக்குக் கரையில்

மருதானையில் ஏற்றிய விளக்கின் ஒளி நம் கரையை எட்டியதற்கும் ஒரு நட்பே காரணமாயிற்று. ஸாஹிறா தோன்றிய அதே 1892இல்தான் கல்முனையை அடுத்த காரைதீவில் விபுலானந்த அடிகள் பிறந்தார். ஒராபி காலமான சில நாட்களில், 1911 அக்டோபர் 4ஆம் திகதி, யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் ஏ.எம்.ஏ. அஸீஸ் பிறந்தார். இலங்கைச் சிவில் சேவையில் இணைந்த முதல் முஸ்லிமான அஸீஸ், 1942இல் உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்தபோது அடிகளாருடன் நெருங்கிப் பழகினார். அடிகளாரின் சிந்தனை தம் கல்விப் பணிக்கு உரமூட்டியதை அவர் நன்றியுடன் நினைவுகூர்ந்ததுண்டு. 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை அவர் நிறுவினார். 1948இல் உயர் பதவியைத் துறந்து மருதானை ஸாஹிறாவின் அதிபரானார். இந்துத் துறவி ஒருவரும் முஸ்லிம் அதிகாரி ஒருவரும் தமிழ் மொழியை நடுவில் வைத்துக் கொண்ட அந்நட்பின் பயனைக் கிழக்கிலிருந்து சென்று கற்ற பிள்ளைகள் பலர் அனுபவித்தனர்.

இவற்றை இன்று நினைவூட்டுவதற்குக் காரணமுண்டு. அடுத்தடுத்த தெருக்களில் வாழும் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரையொருவர் ஐயத்துடன் நோக்கிய ஆண்டுகளை நாம் கடந்து வந்திருக்கின்றோம். 1990இன் காயங்கள் இரு தரப்பிலும் முற்றாக ஆறிவிட்டன என்று சொல்வதற்கில்லை. அரசியல் தலைமைகள் பரிமாறிக்கொண்ட கடிதங்களும் உடன்படிக்கைகளும் ஒன்றன் பின் ஒன்றாகப் பொய்த்துப் போனதை நம் வாசகர்கள் அறிவார்கள். அதனால் மனம் சலித்திருப்போருக்கு ஒராபியின் வரலாறு ஒன்றைக் கூறுகின்றது. மேல்மட்டக் கடிதங்கள் தோற்ற இடத்தில் கீழே ஊர் மட்டத்தில் இருவர் சேர்ந்து தொடங்கும் பணி நிலைத்து நிற்கக்கூடும். அதற்கு இருவரும் ஒரே நாட்டினராகவோ ஒரே மதத்தினராகவோ இருக்க வேண்டுமென்பதில்லை.

நம் பாடசாலைகள் ஆண்டுதோறும் மாணவர்களைக் கண்டிக்குச் சுற்றுலா அழைத்துச் செல்கின்றன. தலதா மாளிகையும் பேராதனைப் பூந்தோட்டமும் பார்த்துத் திரும்புகின்றனர். அதே நகரில்தான் சித்தி லெப்பை பிறந்தார். அங்குள்ள ஹலோலுவ வீதியில்தான் ஒராபி தம் இறுதி இலங்கை ஆண்டுகளைக் கழித்தார். அடுத்த முறை பஸ் வண்டி அவ்வழியே செல்லும்போது ஆசிரியர்கள் மாணவர்களுக்கு அவ்வீட்டைக் காட்டி, இருவரது பெயரையும் சேர்த்தே சொல்லிக் கொடுக்க வேண்டுமென்பது நமது வேண்டுகோள். தமிழ்ப் பாடசாலைகளுக்கும் இது பொருந்தும். இலங்கையின் முதல் தமிழ் நாவலை எழுதியவர் அவர்களுக்கும் உரியவரே.